ஈறு சொல்லும் சேதி

பொன்னமராவதி வட்டாரம் கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் பூமி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிரம்பிவிட்டால் ஊரில் மகிழ்ச்சிதான். கூடவே ஒரு கவலையும் வந்து சேரும். கரை தாங்குமா என்பதே அந்தக் கவலை. அனுபவம் மிக்க பெரியவர்கள் கரையின் வெளிப்புறச் சரிவில் இறங்கி நடந்து பார்ப்பார்கள். எங்காவது நீர் கசிந்தால் அதைக் கையில் ஏந்திப் பார்ப்பார்கள். கசியும் நீர் தெளிவாக இருந்தால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. மண் கரைக்குக் கசிவு இயல்பே. நீர் கலங்கலாக வந்தால்தான் ஆபத்து. கரையின் உள்ளே மண் அரிக்கப்பட்டு, நீரோடு நீராக வெளியேறுகிறது என்று அதற்குப் பொருள். அந்த நேரத்தில் கரையின் உயரத்தை அளந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உயரம் குறைந்திருப்பது தெரியவரும்போது கரை உடைந்திருக்கும்!

மாணவர்களே, நம் ஒவ்வொருவர் வாயிலும் இத்தகைய கரை ஒன்று இருக்கிறது. அதுதான் ஈறு. அங்கும் ஒரு நீர் கசிகிறது. அந்த நீர் தெளிவா, கலங்கலா என்று பார்த்து, பற்களைத் தாங்கும் எலும்பு உள்ளே அரிக்கப்படுகிறதா என்று சொல்ல முடியுமா? பல் மருத்துவ அறிஞர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்வி இது. அந்த ஆராய்ச்சியின் கதையை இங்கே காண்போம்.

பல்லைத் தாங்குவது எது?

சுவரில் அடித்த ஆணியைப் போலப் பல் எலும்பில் நேராகப் பதிந்திருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ கால் மில்லி மீட்டர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள் வேரையும் எலும்பையும் பிணைத்து நிற்கின்றன. பல்லானது கயிற்றுக் கட்டிலில் கிடப்பதுபோல் இந்த நார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது எனலாம். நாம் முறுக்கைக் கடிக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது இந்த நார்களே. இவை கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. நம் தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் உறுதி தருவதும் இதே புரதம்தான்.

பல்லைச் சுற்றி ஈறு ஒரு கழுத்துப் பட்டியைப்போல் ஒட்டி நிற்கிறது. ஈற்று விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே குறுகிய பள்ளம் ஒன்று உண்டு. உடல்நலம் உள்ளவர்களிடம் இதன் ஆழம் 3 மில்லி மீட்டருக்கு மேற்படாது. இந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் பற்படலம் சேர்கிறது. பற்படலம் என்பது வெறும் உணவுத் துணுக்கு அன்று. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் பசைபோல் ஒட்டி வாழும் குடியிருப்பு. நாள்தோறும் துலக்கி அகற்றாவிட்டால் இது உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஏற்று இறுகிக் காரையாகிவிடும்.

பற்படலம் சேரச்சேர ஈறு சிவந்து வீங்குகிறது; துலக்கும்போது இரத்தம் வருகிறது. இது முதற்கட்டம். இதற்கு ஈறழற்சி என்று பெயர். இந்தக் கட்டத்தில் வாயைச் சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அடுத்த கட்டம் பற்சூழ் நோய். இதில் பிணைப்பு நார்கள் அறுந்து, எலும்பு கரைந்து, பள்ளம் ஆழமாகிறது. கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. இவ்வளவு நடந்தும் பெரும்பாலும் வலியே இருப்பதில்லை! பல் ஆடத் தொடங்கிய பிறகே பலர் மருத்துவரிடம் போகின்றனர்.

பல் துலக்காத பன்னிரண்டு பேர்

பற்படலம்தான் ஈறழற்சிக்குக் காரணம் என்பதை ஐயமற நிறுவியவர் ஹரால்டு லோ என்னும் நார்வே நாட்டு அறிஞர். 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் அவரும் அவர் துணைவர்களும் ஈறு நலமாக இருந்த 12 பேரைத் தேர்ந்தெடுத்தனர். வாயைச் சுத்தம் செய்வதை அறவே நிறுத்திவிடும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டனர். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்குமே ஈறழற்சி தோன்றிவிட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் நலமடைந்தன.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால், இதிலிருந்து இன்னொரு கேள்வி பிறந்தது. ஆண்டுக்கணக்கில் பற்படலத்தை அகற்றாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும்? எல்லோருக்கும் ஒரே அளவில் எலும்பு கரையுமா? இதற்கு விடை கிடைத்த இடம் தமிழர்களாகிய நம்மோடு நெருங்கிய தொடர்புடையது.

தேயிலைத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் பிழைப்புத் தேடி இலங்கை மலைநாட்டுக்குச் சென்றன. முதலில் காப்பித் தோட்டங்களிலும், பிறகு தேயிலைத் தோட்டங்களிலும் அவர்கள் உழைத்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்களே மலையகத் தமிழர்கள்.

1970-ல் ஹரால்டு லோ, ஆகெ அனெருட், ஹான்ஸ் பாய்சன் ஆகியோர் அடுத்தடுத்து அமைந்த டன்சினேன், ஹாரோ என்னும் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கே 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தனர். அந்தத் தொழிலாளர்களுக்குப் பல் மருத்துவ வசதி கிடையாது. தூரிகை கொண்டு துலக்கும் பழக்கமும் இல்லை. ஏறத்தாழ எல்லோர் பற்களிலும் பற்படலமும் காரையும் நிறைந்திருந்தன. எல்லோர் ஈறுகளிலும் அழற்சி இருந்தது. ஆனால், பற்சொத்தை மட்டும் அநேகமாக இல்லை. ஆகையால், ஒருவருக்குப் பல் விழுந்தால் அதற்கு ஈறு நோயே காரணம் என்று துணிந்து சொல்ல முடிந்தது.

இடைவெளி விட்டுப் பலமுறை அங்கு சென்று அதே மனிதர்களின் ஈறுகளை அவர்கள் மில்லி மீட்டர் கணக்கில் அளந்தனர். 1985-ல் 161 பேரை மட்டுமே மீண்டும் காண முடிந்தது. பதினைந்து ஆண்டுக் கணக்குகளை ஒன்று திரட்டி 1986-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பல் மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்தியது. தொழிலாளர்கள் மூன்று பிரிவாகப் பிரிந்து நின்றனர்.

முதற்பிரிவு, 8 சதவீதத்தினர்: நோய் விரைந்து பரவியது. 35 வயதுக்குள் 12 பற்களும், 40 வயதுக்குள் 20 பற்களும் போயின. 45 வயதில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை.

இரண்டாம் பிரிவு, 81 சதவீதத்தினர்: நோய் நடுத்தர வேகத்தில் நகர்ந்தது. 30 வயதுக்குப் பிறகே பற்கள் விழத் தொடங்கின. 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர்.

மூன்றாம் பிரிவு, 11 சதவீதத்தினர்: ஈறழற்சியோடு நோய் நின்றுவிட்டது. பல் இழப்பு ஏறக்குறைய இல்லை.

சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே தோட்டம், ஒரே வேலை, ஒரே வகை உணவு, ஒரே அளவு அழுக்கு. ஒருவர் 45 வயதில் பொக்கை வாயர்; அவர் பக்கத்து லயத்தில் வசிப்பவருக்கோ எல்லாப் பற்களும் இருக்கின்றன! பாக்டீரியா மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இந்தத் தொழிலாளர்களில் 75 பேரை 2010-ல் ஆய்வாளர்கள் மீண்டும் தேடிக் கண்டு பரிசோதித்தனர். அப்போது இன்னோர் உண்மை புலப்பட்டது. 30 வயதில் பிணைப்பு இழப்பு சராசரியாகச் சுமார் 1.8 மில்லி மீட்டருக்குக் குறைவாக இருந்தவர்கள், 60 வயதிலும் குறைந்தது 20 பற்களோடு இருக்கும் வாய்ப்பைப் பெற்றிருந்தனர். அதாவது, முதுமையில் பல் இருக்குமா என்பது இளமையிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது.

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழலாம். இத்தனை ஆண்டுகள் அளந்து எழுதியவர்கள், அந்த ஏழைகளின் பற்களைக் காப்பாற்றியிருக்கக் கூடாதா? நியாயமான கேள்விதான். நோய் தன் போக்கில் எப்படிச் செல்கிறது என்று காண்பதே அந்த ஆய்வின் நோக்கம். வசதியற்ற மக்களின் நோயை இப்படிப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் ஆய்வுக்கு இன்றைய ஆய்வு நெறிகள் எளிதில் இடம் தரமாட்டா. அந்தத் தொழிலாளர்கள் இழந்த பற்களிலிருந்து உலகம் பாடம் கற்றது என்பதை நாம் மறக்கலாகாது.

தீயணைப்பவரே தீமூட்டினால்?

தேயிலைத் தோட்டத்துப் புதிருக்கு விடை பாக்டீரியாவிடம் மட்டும் இல்லை. நம் உடல் அதற்குத் தரும் பதிலிலும் இருக்கிறது. அந்தப் பதிலுக்கே அழற்சி என்று பெயர். காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறது அல்லவா? அதுவும் அழற்சிதான்.

ஈறில் இது எப்படி நிகழ்கிறது? பாக்டீரியாவின் நச்சுப் பொருள்கள் ஈற்றுத் திசுவில் பட்டவுடன், அங்குள்ள செல்கள் சில வேதிப்பொருள்களைத் தூதாக அனுப்புகின்றன. இன்டர்லூக்கின்-1 பீட்டா, டி.என்.எஃப்.-ஆல்ஃபா, புரோஸ்டகிளாண்டின் ஈ2 ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தூது கிடைத்ததும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரின் இடுக்குகள் வழியே நுழைந்து வெளியேறிப் போர்க்களத்தை அடைகின்றன. அவை பாக்டீரியாவை விழுங்கிக் கொல்கின்றன. திசுக்களின் ஊடே வழி ஏற்படுத்திக்கொள்ளச் சில நொதிகளையும் வெளியிடுகின்றன.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. பாக்டீரியாக்கள் பல்லின்மேல் பசையாக ஒட்டியிருப்பதால் வெள்ளணுக்களால் அவற்றை முற்றிலும் அழிக்க முடிவதில்லை. போர் ஓய்வதும் இல்லை. வெள்ளணுக்களின் நொதிகள் நாளடைவில் நம் சொந்த நார்களையே வெட்டத் தொடங்குகின்றன. வைக்கோற்போரில் பற்றிய நெருப்பை அணைக்க வந்தவர்கள் வீட்டுச் சுவரையும் இடித்துத் தள்ளுவதுபோல! இந்தப் பதில் சிலர் உடலில் மிகக் கடுமையாகவும், சிலர் உடலில் மிதமாகவும் இருக்கிறது. மரபுக்கூறு, புகையிலை, நீரிழிவு, வாழும் பாக்டீரியாக்களின் வகை எனப் பல காரணிகள் இதில் பங்கு கொள்கின்றன.

தலைப்பிரட்டையின் வாலில் கிடைத்த துப்பு

கொலாஜன் மிக உறுதியான புரதம். சாதாரண நொதிகளால் அதை எளிதில் வெட்ட முடியாது. உடல் அதை எப்படிக் கரைக்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. விடை கிடைத்தது தலைப்பிரட்டையிடம்! குளத்தில் தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது அதன் வால் சில நாட்களில் மறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாலிலும் கொலாஜன் உண்டு. அது எங்கே போயிற்று? அமெரிக்காவில் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியேர் என்ற இருவர் 1962-ல் இதை ஆராய்ந்தனர். வால் திசுவைக் கொலாஜன் கூழின்மீது வைத்து வளர்த்தனர். திசுவைச் சுற்றியிருந்த கூழ் கரைந்துவிட்டது. கொலாஜனை வெட்டும் நொதி ஒன்றை வால் வெளியிடுகிறது என்பது தெரிந்தது. அதற்குக் கொலாஜனேஸ் என்று பெயரிட்டனர்.

நான்கே ஆண்டுகளில், 1966-ல், மனித ஈற்றுத் திசுவிலும் இத்தகைய செயல் நடப்பது கண்டறியப்பட்டது. பின்னர் இந்த நொதிக் குடும்பத்தில் பல உறுப்பினர்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றுள் வெள்ளணுக்கள் தம் பைகளில் சேமித்து வைத்திருக்கும் நொதிக்கு எம்.எம்.பி.-8 என்று பெயர். கொலாஜன் இழையைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் முக்கால், கால் என இரண்டு துண்டாக வெட்டிவிடுவது இதன் வேலை. துவக்க வெட்டு விழுந்துவிட்டால் மற்ற நொதிகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கலங்கலில் என்ன இருக்கிறது?

கண்மாய்க் கரையின் கசிவுக்கு வருவோம். ஈற்றுப் பள்ளத்திலும் ஒரு நீர் கசிகிறது. இதை ஈற்றுப் பள்ள நீர் என்பர். இது இரத்தத்திலிருந்து ஈற்றுத் திசுவின் ஊடே வடிந்து வருவது. 1958-ல் பிரில், கிராசே என்னும் இரு அறிஞர்கள், நாய்களின் உடலில் ஒளிரும் சாயம் ஒன்றைச் செலுத்தி, ஈற்றுப் பள்ளத்தில் செருகிய வடிதாளில் அச்சாயம் வந்து படிவதைக் காட்டினர். உடலின் உள்ளிருந்து நீர் அங்கே வருகிறது என்பதற்கு இது சான்றாயிற்று.

அழற்சி மிகுந்தால் இந்நீரின் அளவும் மிகும். அதில் உள்ள பொருள்களும் மாறும். அழிவு நடந்துகொண்டிருப்பதை உணர்த்தும் இப்பொருள்களை அழற்சிச் சுட்டிகள் அல்லது உயிர்ச்சுட்டிகள் என்று அழைக்கலாம். அவற்றை நான்கு வகையாகக் காண்போம்.

1. தூதுப் பொருள்கள்: இன்டர்லூக்கின்-1 பீட்டா, டி.என்.எஃப்.-ஆல்ஃபா, புரோஸ்டகிளாண்டின் ஈ2 போன்றவை. போர் முரசு கொட்டப்படுவதை இவை அறிவிக்கின்றன. 1986-ல் அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் ஆஃபன்பாக்கரும் அவர் துணைவர்களும், ஈற்றுப் பள்ள நீரில் புரோஸ்டகிளாண்டின் ஈ2 மிகுந்திருந்தால் பின்னர்ப் பிணைப்பு இழப்பு நேரக்கூடும் என்று காட்டினர்.

2. வெட்டும் நொதிகள்: எம்.எம்.பி.-8 இவற்றில் தலையாயது. நார்களின்மேல் கத்தி விழுந்துகொண்டிருக்கிறது என்று இது சொல்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் டிமோ சோர்சா என்பவரின் குழு இந்த நொதியைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது.

3. எலும்புச் செய்திகள்: எலும்பைக் கரைக்கும் செல்களை முதிரச் செய்யும் பொருள் ராங்க்-எல். அதைப் பிடித்து முடக்கிவைக்கும் பொருள் ஓ.பி.ஜி. இரண்டும் சமனாக நின்றால் எலும்புக்குக் கேடில்லை. தராசுத் தட்டு ராங்க்-எல் பக்கம் சாய்ந்தால் எலும்பு கரையும். கரைந்த எலும்பிலிருந்து வரும் கொலாஜன் துண்டுகளையும் இந்நீரில் காணலாம். கண்மாய்க் கசிவில் வரும் மண்துகளுக்கு நேரான பொருள் இதுவே!

4. உடல் முழுவதன் எதிரொலி: ஈற்று அழற்சியின் தூதுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து கல்லீரலை எட்டும்போது, அது சி.ஆர்.பி. என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. 1930-ல் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் முதன்முதலாகக் கண்ட பொருள் இது. பற்சூழ் நோய் உடையவர்களிடம் இது சற்றுக் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஒரு சொட்டிலும் சிறு பங்கு

இந்த நீரைச் சேகரிப்பது எளிதன்று. ஒரு மில்லி லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 20 சொட்டுகள் உண்டு. அப்படியானால் ஒரு சொட்டு 50 மைக்ரோ லிட்டர். ஈற்றுப் பள்ளம் ஒன்றில் ஒரு வேளையில் கிடைக்கும் நீரோ ஒரு மைக்ரோ லிட்டர் அல்லது அதற்கும் குறைவு! மெல்லிய வடிதாள் கீற்றைப் பள்ளத்தில் சில விநாடிகள் செருகி எடுப்பர். தாள் நனைந்த அளவிலிருந்து நீரின் அளவு தெரியும். பிறகு அதிலுள்ள பொருள்களை ஆய்வுக்கூடத்தில் பிரித்து அளப்பர்.

இதன் அடிப்படையை நீங்களும் செய்து பார்க்கலாம். வேதியியல் ஆய்வுக்கூடத்து வடிதாளை 2 மில்லி மீட்டர் அகலக் கீற்றுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் மை கலந்த நீரைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கீற்றின் நுனியைத் தொடச் செய்து, நனைந்த நீளத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். புள்ளி பெரிதாக ஆக நனையும் நீளமும் கூடுவதைக் காண்பீர்கள். கவனம்: கீற்றை வாயில் செருகிப் பார்க்க வேண்டாம்.

வாய் முழுவதையும் ஒரே முறையில் அறிய உமிழ்நீரைப் பயன்படுத்தலாம். எம்.எம்.பி.-8 நொதிக்கு ஒரு விரைவுச் சோதனை இன்று உண்டு. தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, அந்நீரைச் சோதனைப் பட்டையில் விட்டால், நொதி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும்போது இரண்டு கோடுகள் தோன்றும். அந்த அளவு மில்லி லிட்டருக்கு 20 நானோ கிராம். ஒரு நானோ கிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! சில நிமிடங்களில் விடை தெரிந்துவிடும்.

சுட்டிகள் பொய் சொல்லுமா?

இவ்வளவு நல்ல கருவி இருக்கும்போது பழைய முறையில் ஈற்றை அளப்பது ஏன் என்று கேட்கலாம். பல் மருத்துவர் இன்றும் மில்லி மீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியால், ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் பள்ளத்தை அளக்கிறார். 28 பற்களுக்கு 168 இடங்கள். இந்த அளவு, இதுவரை எவ்வளவு போயிற்று என்று சொல்கிறது. இப்போது போய்க்கொண்டிருக்கிறதா என்று சொல்வதில்லை. சாலையோர மைல் கல் வந்த தூரத்தைக் காட்டும். வண்டியின் வேகத்தைக் காட்டாது அல்லவா?

வேகத்தைக் காட்டவேண்டிய சுட்டிகளுக்கும் குறைகள் உண்டு. காய்ச்சலோ வேறு புண்ணோ இருந்தாலும் சி.ஆர்.பி. உயரும். உமிழ்நீர் முழு வாய்க்கும் பொதுவாதலால், எந்தப் பல்லில் கேடு என்று அது காட்டாது. ஈறழற்சி மட்டும் இருந்து எலும்பு கரையாதபோதும் தூதுப் பொருள்கள் கூடியிருக்கலாம்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 100 பேரில் 10 பேருக்கு நோய் முன்னேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சோதனை அந்தப் 10 பேரில் 8 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோய் முன்னேறாத 90 பேரில் 18 பேரை நோயாளி என்று தவறாகச் சொல்கிறது. அப்படியானால், சோதனை ‘ஆம்’ என்று சொன்னவர்கள் மொத்தம் 26 பேர். அவர்களில் உண்மையாக நோய் முன்னேறுபவர்கள் 8 பேரே. அதாவது 31 சதவீதம். ‘இல்லை’ என்று சொன்ன 74 பேரில் 72 பேருக்கு உண்மையாகவே கேடில்லை. இது 97 சதவீதம். ‘ஆம்’ என்றால் நம்பிவிட முடியாத சோதனை, ‘இல்லை’ என்றால் பெரிதும் நம்பத்தக்கதாக இருக்கிறது! எண்கள் நாம் வைத்துக்கொண்டவையே. ஆனால் இதன் பொருள் மருத்துவத்தில் பல சோதனைகளுக்கும் பொருந்தும்.

ஈற்றில் இரத்தம் வருவதும் இப்படிப்பட்ட சுட்டிதான். சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் லாங் என்பவரும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்தனர். தொடர்ந்து நான்கு முறை கம்பி பட்டும் இரத்தம் வந்த இடங்களில்கூட, பிணைப்பு இழப்பு நேரும் வாய்ப்பு 30 சதவீதமே என்று 1986-ல் கண்டனர். ஆனால், இரத்தம் வராமலே இருக்கும் ஈறு நிலையாக இருக்கிறது என்பதை 1990-ல் உறுதி செய்தனர். புகையிலை பயன்படுத்துவோர் மட்டும் இதை நம்பி ஏமாறக் கூடாது. புகையிலையின் நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், உள்ளே நோய் இருந்தும் இரத்தம் வெளித் தெரியாமல் போகும்.

ஆகவேதான் ஒரே சுட்டியை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கவும், ஒரு முறையோடு நில்லாமல் இடைவெளி விட்டுத் திரும்ப அளக்கவும் அறிஞர்கள் முயல்கின்றனர்.

மூன்று கேள்விக்குறிகள்

2017-ல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு நோய் வல்லுநர்கள் சிகாகோ நகரில் கூடி நோயை வகைப்படுத்தும் புதிய முறையை வகுத்தனர். அது 2018-ல் வெளியாயிற்று. நோயின் வேகத்தைக் கணிக்க அதில் ஓர் எளிய வகுத்தல் கணக்கு உண்டு. எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும் எலும்பு இழப்புச் சதவீதத்தை நோயாளியின் வயதால் வகுக்க வேண்டும். ஈவு 0.25-க்குக் குறைந்தால் மெதுவான வகை, 0.25 முதல் 1 வரை நடுத்தரம். 1-க்கு மேல் விரைவு. 60 வயதில் 12 சதவீத இழப்பு என்றால் ஈவு 0.2, மெதுவான வகை. 25 வயதில் 30 சதவீதம் என்றால் ஈவு 1.2, விரைவு வகை. நாளுக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவரும், மூன்று மாதச் சர்க்கரை அளவு என்று நாம் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. 7 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள நீரிழிவு நோயாளியும் விரைவு வகையில் சேர்க்கப்படுவர். தேயிலைத் தோட்டத்து மூன்று பிரிவுகளும் உங்கள் நினைவுக்கு வருகின்றனவா?

அந்த அட்டவணையில் உயிர்ச்சுட்டிகளுக்கும் ஒரு வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். உமிழ்நீர், ஈற்றுப் பள்ள நீர், இரத்தம் என்று குறிப்பிட்டு, மூன்று வகைகளுக்கும் உரிய கட்டங்களில் எண்களை எழுதவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளை இட்டிருக்கிறார்கள்! அறிவியலின் நேர்மைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாமல், வருங்கால ஆய்வாளர்களுக்காக இடம் விட்டிருக்கிறார்கள்.

நாம் செய்யவேண்டியது

சுட்டிகள் முழுமை பெறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஈறே தினமும் சேதி சொல்கிறது. காலையில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். வெளிறிய இளஞ்சிவப்பாக, பல்லோடு ஒட்டி இறுகி இருந்தால் நலம். கருஞ்சிவப்பாக, பளபளவென்று வீங்கி, துலக்கும்போது இரத்தம் வந்தால் கவனிக்க வேண்டும். நம்மில் பலருக்கு ஈற்றின் நிறம் இயல்பாகவே கருமை கலந்திருக்கும், அது நோயன்று. இரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்துவது தவறு. மென்மையான தூரிகையால் ஈற்று விளிம்பை ஒட்டி, காலையும் இரவும் துலக்குங்கள். செங்கற்பொடி, கரி, சாம்பல் இவற்றை அழுத்தித் தேய்த்தால் பல்லும் தேயும், ஈறும் புண்படும். இறுகிவிட்ட காரையைத் தூரிகையால் எடுக்க முடியாது. பல் மருத்துவரே எடுக்க வேண்டும். காரையை எடுத்தால் பல் ஆடும் என்று அஞ்சுவோர் பலர். காரை இருப்பதால்தான் பல் ஆட நேர்கிறது.

வீட்டில் அப்பாவுக்கோ ஆச்சிக்கோ நீரிழிவு இருந்தால் அவர்கள் ஈற்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். நீரிழிவு ஈறு நோயை முடுக்குகிறது. ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுக்கடங்காமல் செய்கிறது. ஈறு நோய்க்கு மருத்துவம் செய்துகொண்ட நீரிழிவு நோயாளிகளுக்கு மூன்று, நான்கு மாதங்களில் எச்.பி.ஏ.1.சி. சராசரியாகச் சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்களிடம், இரத்தம் வராததை நலம் என்று எண்ண வேண்டாம் என எடுத்துச் சொல்லுங்கள். முன்பு பல் மருத்துவக் கல்லூரிக்கு வெளியூர் போகவேண்டியிருந்த நம் மாவட்டத்தில், 2023-ல் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது.

தேயிலைத் தோட்டத்தில் 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்தவருக்கு, 20 வயதிலேயே யாராவது ‘உமக்கு நோய் விரைந்து வருகிறது’ என்று சொல்லியிருந்தால் அவர் பற்கள் பிழைத்திருக்கக்கூடும். அதைச் சொல்லும் வழியைத்தான் அறிவியல் தேடிக்கொண்டிருக்கிறது. அட்டவணையில் அந்தக் கேள்விக்குறிகள் இன்னும் எழுதப்பட வேண்டிய எண்களுக்காகக் காத்திருக்கின்றன. இன்று வடிதாள் கீற்றில் மையின் நீளத்தை அளக்கும் உங்களில் ஒருவர், நாளை அந்த எண்களை எழுதலாம்.